தட்டிப் பார்த்து வாங்குங்கள்: துறைமுக ஊருக்கு ஒரு கிற்றார்

கிற்றார் கடையில் கருவியை மடியில் வைத்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஒரு ஜி கோட்டைப் பிடித்து ஆறு தந்திகளையும் மேலிருந்து கீழாக வருடுவார்கள். ஒலி நிறைவாக எழுந்து சில விநாடிகள் நின்றால் முகம் மலரும். பாடகருக்குப் பக்கத்தில் இருந்து கோட் வாசிப்பவருக்கு அந்தச் சோதனை போதும். ஆனால் தந்தியை மீட்டுகிற அதே கையால் பலகையிலும் தாளம் தட்டி, மெட்டு, பேஸ், தாளம் மூன்றையும் ஒரே கருவியில் எழுப்புகிற பெர்க்கஸிவ் ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பாளருக்கு அது பாதிச் சோதனைகூட ஆகாது. அவர் வாங்குவது தந்தி வாத்தியம் ஒன்றையும், தோல் போர்த்தாத மேளம் ஒன்றையும் சேர்த்து. அவர் திருகோணமலையில் வசிப்பவரானால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: உள்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊரில், உப்புக் காற்றும் கச்சானும் வாடையும் மாறி மாறி அடிக்கும் வீட்டில், அந்த மெல்லிய மரப்பெட்டி எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்ற கேள்வி.

இந்த வாசிப்புமுறைக்கான கிற்றார் பற்றி இணையத்திலும் சஞ்சிகைகளிலும் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் இருந்து வருபவை. அங்கே பிரச்சினை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோவது. வாங்கும் சக்தியும் வேறு. அந்த ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டு முழுக்க முழுக்கத் திண்ம மரத்தில் செய்த கருவிக்கு இங்குள்ள இளைஞர் ஒருவர் கடன்படுவதை நான் விரும்பவில்லை. நம் ஊருக்கான தெரிவு வேறு. அது மலிவானதாகவும் இருக்க முடியும் என்பதே என் கட்சி.

கிற்றாரைத் தட்டுவது புதிய வித்தையல்ல. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ வாசிப்பில் மோதிர விரலின் நகத்தால் பலகையைத் தட்டும் 'கோல்பே' தாளத்தின் முதுகெலும்பு. அதற்காகவே அந்தக் கிற்றாரின் முகத்தில் மெல்லிய காப்புத்தகடு ஒட்டியிருக்கும். பெருவிரலின் பக்கத்தால் தந்திகளை பிரிட்ஜுக்கு அருகே அடிக்கும் 'தம்போரா' செவ்வியல் கிற்றாரிலும் உண்டு. உருக்குத் தந்திக் கிற்றாரில் இதைத் தனி மொழியாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான மைக்கல் ஹெட்ஜஸ். 1984இல் வெளிவந்த அவருடைய 'ஏரியல் பவுண்டரிஸ்' தொகுப்பில் இரண்டு கைகளும் கழுத்தின் மேல் வேலை செய்கின்றன. 1997இல் வீதி விபத்தில் இறந்தபோது அவருக்கு 43 வயது. பிரெஸ்டன் ரீட் கிற்றாரின் உடலையே முழு ட்ரம் செட்டாக்கினார். 2006இல் அண்டி மக்கீ வாசித்த 'ட்ரிஃப்டிங்' காணொளி யூடியூப் வழியாக உலகெங்கும் பரவிய பின்னர்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இந்த வாசிப்பைப் பார்த்தார்கள். பிரித்தானியாவின் ஜோன் கோம், அவுஸ்திரேலியாவின் டொமி இமானுவேல், அமெரிக்காவின் காக்கி கிங், டில்லியின் துருவ் விஸ்வநாத் என்று இன்று பட்டியல் நீளம்.

நம் ஊருக்கும் இதில் சொந்தம் உண்டு. கிழக்கிலங்கைப் பறங்கியர், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், போர்த்துக்கேயர் வழிவந்த பாட்டையும் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் கலியாண வீடுகளில் காத்துவந்தவர்கள். வயலினும் கிற்றார் வகைத் தந்திக் கருவிகளும் கைமேளமும் அங்கே பிரியாத கூட்டு. அந்த ஆறெட்டுத் தாளத்தில் இருந்துதான் பைலா வளர்ந்தது. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான் 1940களில் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதே துள்ளலைத் தமிழ்ப் பொப் பாட்டில் ஏற்றினார்கள். மெல்லிசை மேடையில் பெயர் பதித்த பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் திருகோணமலை மண்ணின் பிள்ளைகள். பைலா வாசிக்கும் கையைக் கிட்ட இருந்து பாருங்கள். வருடி முடிந்த கையின் அடிப்பாகம் தந்திகளின் மேல் விழுந்து ஒலியை வெட்டும். அந்த வெட்டே ஒரு தட்டாகக் கேட்கும். ரபானோ டோலக்கியோ இல்லாத விருந்தில் அந்தக் கைதான் மேளம். ஆகவே இந்தக் கடற்கரையில் கிற்றாரைத் தட்டி வாசிக்கப் புறப்படுகிறவர் அந்நியமான ஒன்றைத் தொடங்கவில்லை.

கருவிக்கு வருவோம். மிருதங்கத்துக்குத் தொப்பி, வலந்தலை என்று இரண்டு முகங்கள் இருப்பதுபோல, தட்டுகிறவருக்குக் கிற்றாரிலும் குறைந்தது இரண்டு முகங்கள் வேண்டும். ஒன்று 'தொம்' என்று அடிவயிற்றில் இறங்க வேண்டும். மற்றது 'டக்' என்று கூர்மையாக வெட்ட வேண்டும். முதலாவது, பிரிட்ஜுக்கு மேலே ஒலித்துளையை ஒட்டிய பலகையில் மணிக்கட்டின் அடியால் அடிக்கும்போது வருவது. இரண்டாவது, தோள்ப்பக்க மேற்பலகையிலும் பக்கப்பலகையிலும் விரல் நுனியால் தட்டும்போது வருவது. இவற்றுக்கு இடையில் நகத்தால் சுரண்டுவது, தந்தியை ஃப்ரெட்டில் அறைவது என்று இன்னும் பல. எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த இரண்டும்தான்.

'தொம்' எங்கிருந்து வருகிறது? கிற்றாரின் வயிற்றுக்குள் அடைபட்ட காற்று, துளை வழியாக உள்ளும் புறமும் ஆடும்போது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மிகையாக ஒலிக்கும். வெறும் போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியின் பௌதிகமும் இதே. நடுத்தரம் முதல் பெரிய உடல் வரை உள்ள கிற்றார்களில் அது 100 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் அமையும். பலகையின் சொந்த அதிர்வு அதற்கு மேலே, ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ் பக்கத்தில். வயிறு பெருத்தால், துளை சிறுத்தால், காற்றின் ஒலி கீழே இறங்கும். இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெளிவாகும். சிறிய பார்லர் வகைக் கிற்றாரில் எவ்வளவு திறமையாக அடித்தாலும் ட்ரம் செட்டின் கிக் வராது. இரண்டாவது, மேடையில் ஒலிபெருக்கி ஊளையிடாமல் இருக்கத் துளையை ரப்பர் மூடியால் அடைக்கும் வழக்கம், தட்டுகிறவரின் கிக் ஒலியில் பெரும்பகுதியை அடைத்துவிடும்.

அப்படியானால் ஆகப் பெரியதையே வாங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் முதல் கருத்து வேறுபாடு. இலங்கைக் கடைகளில் தொங்கும் கிற்றார்களில் பெரும்பான்மை ட்ரெட்நோட் உடல். 1906இல் பிரித்தானியக் கடற்படையில் இறங்கிய போர்க்கப்பலின் பெயரை 1916இல் மார்ட்டின் நிறுவனம் தன் பெரிய கிற்றாருக்குச் சூட்டிக்கொண்டது. கீழ்ப்பகுதி அகலம் 397 மில்லிமீற்றர், ஆழம் 120க்குச் சற்று மேல். 'தொம்' தாராளமாக வரும். ஆனால் அதன் இடை ஒடுங்குவது குறைவு; மடியில் உட்காராமல் நழுவும். வலக்கை அதன் விளிம்பைத் தாண்டிப் பலகைக்கு வரும்போதே தோள் உயர்ந்துவிடும். ஒரு பாட்டுக்கு இது தெரியாது. ஒரு மணி நேரக் கச்சேரியில் தெரியும். தட்டும் கை தோளிலிருந்து தளர்ந்து விழ வேண்டும். அது முடியாத கிற்றாரில் தாளம் இறுகிப்போகும்.

அதனால் நான் நடுத்தர உடலையே முன்வைப்பேன். ஓஎம், ஓடிட்டோரியம், கொன்சேர்ட் என்று கம்பனிக்குக் கம்பனி பெயர் மாறும். அளவை மட்டும் பாருங்கள். ஓஎம் கிற்றாரின் கீழ்ப்பகுதி 381 மில்லிமீற்றர், ஆழம் 105 அளவில் இருக்கும். இடை நன்றாக ஒடுங்கியிருக்கும். 'தொம்' சற்று இறுக்கமாகவும் சுருக்கமாகவும் வரும், தெளிவு கூடும். விரைவாகத் தட்டும்போது ஒரு தட்டின் வால் அடுத்த தட்டில் படாமல் பிரிந்து கேட்கும். நீண்ட கையும் அகன்ற மார்பும் உள்ளவருக்கு ட்ரெட்நோட் பொருந்தலாம்; அவர் அதையே வாங்கட்டும்.

மரம் பற்றிய பேச்சில்தான் பணம் வீணாகிறது. மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸா சீடரா என்ற கேள்வி நியாயமானது. சீடர் மென்மையான மரம். இலகுவாகத் தொட்டாலே பேசும், ஆனால் நகமும் மோதிரமும் அதில் சீக்கிரம் குழி விழுத்தும். தட்டுகிறவருக்கு ஸ்ப்ரூஸ்தான் நம்பகமானது. மஹோகனி மேற்பலகை இன்னும் கடினம்; ஒலி அடக்கம், தட்டு உலர்ந்து கேட்கும், சிலருக்கு அது பிடிக்கும். இதுவரைக்கும் சரி. முதுகும் பக்கங்களும் ரோஸ்வூட்டா மஹோகனியா என்று வரும்போதுதான் விலை இரண்டு மடங்காகிறது. மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வூட் கிடைக்காமல் 1969இல் மாறிக்கொண்ட இந்திய ரோஸ்வூட் வேறொன்றுமில்லை, தென்னிந்திய மலைகளின் ஈட்டி மரம்தான். அழகான மரம், தந்தி ஒலிக்கு ஆழமும் தரும். ஆனால் தட்டின் ஒலியில் முதுகுப்பலகையின் இனத்தைவிட அதன் கட்டுமானமே பெரிதாகக் கேட்கும்.

அந்தக் கட்டுமானத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இந்த ஊருக்கு, இந்த வாசிப்புக்கு, மேற்பலகை திண்ம மரமாகவும் முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாகவும் இருக்கும் கிற்றாரே சிறந்தது. ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பக்கப்பலகையின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான். திண்ம மரமானால் அதில் நார் ஒரே திசையில் ஓடும். விரல் மூட்டால் தினமும் தட்டப்படும் இடத்தில் நார் வழியே பிளப்பதற்கு வாய்ப்பு அதிகம். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை பிளக்காது. காற்றில் ஈரம் ஏறி இறங்கினாலும் குறைவாகவே அசையும். மேற்பலகை மட்டும் திண்மமாக இருக்க வேண்டும், ஏனென்றால் 'தொம்' பிறப்பது அங்கே. ஒட்டுப்பலகை முகம் தடிப்பாக, விறைப்பாக இருந்து ஒலியைக் கட்டிப்போடும்.

எது திண்மம், எது ஒட்டு என்று விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஒலித்துளையின் விளிம்பைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தில் தெரியும் நெருக்கமான கோடுகள் விளிம்பின் வெட்டிலும் அப்படியே கீழிறங்கினால் திண்மம். நடுவில் ஒரு கருமையான அடுக்கோ, குறுக்கே ஓடும் நாரோ தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்பை வர்ணத்தால் பூசி மறைத்திருந்தால் ஒட்டுப்பலகை என்றே எடுத்துக்கொள்ளலாம். யமஹாவின் எஃப்310 இலங்கை, இந்தியா எங்கும் தொடக்கக்காரர் கையில் இருப்பது. அதன் முகம் ஒட்டுப்பலகை. அதே கம்பனியின் எஃப்எஸ்800 போன்றவற்றில் திண்ம ஸ்ப்ரூஸ் முகமும் ஒட்டுப்பலகை உடலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து மணிக்கட்டால் அடித்துப் பார்த்தவருக்கு இந்தப் பந்தியே தேவைப்படாது.

நம் காட்டு மரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இலங்கையின் வரண்ட வலயக் கருங்காலி உலக வாத்தியக் கலைஞர்கள் விரல்பலகைக்காக ஏங்கும் மரம்; இன்று அதை வெட்டவும் கொண்டுசெல்லவும் கடுமையான சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சாவண்டலை மரம் ஆங்கிலேயர் காலத்து மர வணிகத்தில் இந்த ஊரின் பெயரிலேயே விற்கப்பட்டது. இங்கிருந்து சென்னைக் கரைக்குப் போய் மசூலா வள்ளங்களிலும் வண்டிகளிலும் ஏறியது. வளைந்து கொடுக்கும், கனமான மரம். முகப்பலகைக்கு அந்தக் கனம் உதவாது. கழுத்துக்கோ, பிரிட்ஜின் உள்ளே தாங்கும் தகட்டுக்கோ இங்குள்ள ஒரு தச்சாசாரி அதை முயன்று பார்த்தால் நான் மகிழ்வேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றப்படும் முதிரையும் அப்படித்தான்: பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், விறகாகப் போகவே கூடாது.

இனிக் காற்று. கிற்றார் செய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் கருவிக்குச் சொல்லும் ஈரப்பதன் 45 முதல் 55 சதவீதம் வரை. திருகோணமலையில் ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை வாடை மழை. சுவரே வியர்க்கும் அந்த மாதங்களில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும். மேற்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், தந்திகள் ஃப்ரெட்டில் இருந்து உயர்ந்து விரல் நோகும், தட்டு மந்தமாகும். மே மாதத்துக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கிவரும் தென்மேற்குக் காற்று இங்கே கச்சானாக அடிக்கும். வெப்பம் 35 பாகையைத் தொடும் நாட்கள் பல. மரம் சுருங்கும், கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட்டின் முனைகள் உள்ளங்கையைக் கீறும். கவனிக்காமல் விட்டால் முகப்பலகை நார் வழியே வெடிக்கும்.

இதில் தட்டுகிறவருக்குத் தனிக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகள் வரும் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. அதாவது வாசிக்கும் வாய்ப்புக் கூடுகிற மாதங்களும் மரம் வெடிக்கத் தயாராக நிற்கிற மாதங்களும் ஒன்றே. சுருங்கி இழுபட்டு நிற்கும் பலகையில்தான் அவர் இரவு முழுக்கத் தட்டுகிறார். உள்ளே பலகையைத் தாங்கும் சட்டங்களில் ஒன்று பசை விட்டால் முதலில் தெரிவது வாசிக்கும்போதல்ல, தட்டும்போது. 'தொம்' என்பதன் பின்னால் ஒரு சின்னக் கிறுகிறுப்பு ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்ட அன்றே தந்திகளைத் தளர்த்தி வைக்க வேண்டும். நம் ஊரில் நல்ல திருத்துநர் கிடைப்பது அரிது. கொழும்புக்கு அனுப்புவதென்றால் 260 கிலோமீற்றர் வரையான பயணம், பஸ்ஸின் கூரைக்கும் இருக்கைக்கும் நடுவே.

கடற்காற்றின் உப்பு தந்திகளை உண்ணும். பொஸ்பர் வெண்கலத் தந்தி இங்கே இரண்டு மூன்று வாரத்தில் கறுத்து ஒலி மங்கிவிடும். தட்டி வாசிப்பதில் கையின் வியர்வை முழுத் தந்தியிலும் படுவதால் இன்னும் வேகம். எலிக்ஸர் போன்ற பூச்சுத் தந்திகள் விலை கூட; பல மடங்கு நாள் உழைப்பதால் கணக்கில் அவையே மலிவு. ட்யூனரின் சின்ன ஆணிகள், ஜாக், பற்றரி முனைகள் எல்லாம் துருவுக்கு இரை. மாதம் ஒருமுறை துடைப்பதுதான் மருந்து. பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்றை வையுங்கள். அதன் விலை ஒரு தந்திக் கட்டின் விலைக்கு மேல் போகாது. வாடையில் சிலிக்கா ஜெல் பைகள், கச்சானில் துளையிட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் பிழிந்த நுரைப்பஞ்சு. வெயிலில் நிறுத்திய வானுக்குள் கிற்றாரை விடவே கூடாது. அந்தச் சூட்டில் பிரிட்ஜின் பசை இளகும்.

இவ்வளவு தொல்லை தரும் மரமே வேண்டாம் என்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1966இல் ஹெலிகொப்டர் பொறியியலாளர் சார்ல்ஸ் கமன் தொடங்கிய ஓவேஷன், கிற்றாரின் முதுகைக் கண்ணாடிநார்க் கிண்ணமாக்கியது. காக்கி கிங் பல வருடம் தட்டியது அந்தக் குடும்பத்து அடமாஸ் கிற்றாரை. காபன் நாரில் முழுக் கிற்றாரையும் செய்த ரெயின்சோங் பிறந்த இடம் ஹவாய்த் தீவுகள். மழையும் வெயிலும் மரக் கிற்றாரைப் பாழாக்குவதைக் கண்டு ஜோன் டெக்கர் என்ற பௌதிகவியலாளர் தேடிய தீர்வு அது. அந்தக் காலநிலை நமக்குச் சொந்தக்காரன். இன்று சீனத்து லாவா, என்யா கம்பனிகளும் காபன் கிற்றார்களைக் கொண்டுவந்துவிட்டன. காபன் வெடிக்காது, வீங்காது. கடற்கரை மணலில் நின்று வாசித்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து வைக்கலாம். தட்டின் 'டக்' மிகக் கூர்மை. 'தொம்' மரத்தினது போல வட்டமாக வராது, சற்று வெறுமையாகக் கேட்கும். பருவம் முழுதும் திறந்தவெளியில் வாசித்துப் பிழைக்கிறவர் அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் காபனை வாங்கலாம். வீட்டில் வாசிப்பவருக்கும் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவருக்கும் அவசியமில்லை.

இன்னொரு வழியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை: நைலோன் தந்தி. ஃபிளமெங்கோ வகைக் கிற்றார் தட்டுவதற்கென்றே மெல்லியதாகச் செதுக்கப்பட்டது. உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். நைலோனில் அதன் பாதிக்குச் சற்று மேல்தான். பலகை இலகுவாக அசையும், சின்னத் தட்டுக்கும் பேசும். நைலோன் துருப்பிடிக்காது. கழுத்து அகலம் என்பதும், தந்தியை இடக்கையால் மட்டும் அறைந்து எழுப்பும் ஒலி மெலிவு என்பதும் உண்மைதான். ஹெட்ஜஸ், மக்கீ பாணியை அச்சொட்டாக வாசிக்க விரும்புகிறவருக்கு அது ஒத்துவராது. பைலாவின் கையையும் மிருதங்கச் சொல்லையும் கிற்றாரில் கொண்டுவர நினைக்கிற ஒருவருக்கு, விலை குறைந்த நைலோன் கிற்றாரும் அதன் முகத்தில் ஒட்டிய ஒரு காப்புத்தகடும் நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன்.

பிக்கப்பில் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'எலக்ட்ரோ அகூஸ்டிக்' என்று விற்கப்படும் மலிவான கிற்றார்களில் தோள்ப்பக்கப் பக்கப்பலகையை வெட்டி, குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். தட்டுகிறவர் 'டக்' எடுக்கும் நல்ல இடம் அதுதான். அங்கே பலகைக்குப் பதில் பிளாஸ்டிக் இருக்கிறது, தட்டத் தட்ட அதுவும் கிடுகிடுக்கும். போதாததற்கு, சேடிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பியசோ பிக்கப், தந்தியின் அழுத்தத்தைத்தான் கேட்கும், பலகையின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாது. மேடையில் நீங்கள் வியர்க்க வியர்க்கத் தட்டுவது சபைக்குப் போகாது. வெட்டாத கிற்றாரை வாங்கி, கே அண்ட் கே ப்யூர் மினி போல பிரிட்ஜின் உட்பக்கத்தில் ஒட்டும் பிக்கப்பைப் பின்னர் பொருத்துவது நல்லது. மூன்று சிறு வட்டத் தகடுகள் பலகையோடு ஒட்டிக்கொண்டு அதன் அசைவை அப்படியே எடுக்கும். பற்றரி கிடையாது, உப்புக் காற்றில் கசிந்து கெடவும் ஒன்றுமில்லை. வசதி உள்ளவர் உள்ளே ஒரு நுண்ணொலிவாங்கியும் சேர்ந்த எல்ஆர் பாக்ஸ் அந்தம் போன்றதை நாடலாம். எதைப் பொருத்தினாலும் பெரிய ஒலிபெருக்கிக்கு முன் 100 ஹேர்ட்ஸ் பக்கம் ஊளையிடும், ஏனெனில் கிற்றாரின் காற்று அங்கேதான் விழித்திருக்கிறது. மிக்ஸரில் இருப்பவர் அந்தப் பட்டையை ஒரேயடியாக வெட்டினால் உங்கள் மேளம் போய்விடும். சிறிதளவே குறைக்கச் சொல்லி, ஒலிபெருக்கியை விட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

தந்தி உயரம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த தந்தி 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், மெல்லிய தந்தி அதற்குச் சற்றுக் கீழ். நட்டின் அகலம் 44 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் விரல்கள் நெருக்குப்படாது. தடித்த தந்தியை டி வரை இறக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவர், தடிப்பு எண் 13இல் தொடங்கும் தந்திக் கட்டை மாட்டலாம். மற்றவர்களுக்கு 12 போதும்.

பணக் கணக்கு நம் நாட்டில் தனிக்கதை. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மாதத்துக்குள் 360 வரை ஏறியது. 200 டொலர் கிற்றார், வரியைச் சேர்க்காமலே, 40,000 ரூபாவிலிருந்து 72,000 ஆனது. அதனால்தான் ஒவ்வொரு ரூபாவும் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். திண்ம முகத்துக்குக் கொடுங்கள், பலகையைக் கேட்கும் பிக்கப்புக்குக் கொடுங்கள், நல்ல கைகளில் தந்தி உயரத்தைச் சரிசெய்யும் ஒரு செற்றப்புக்குக் கொடுங்கள். ரோஸ்வூட் முதுகுக்கும், முத்துச்சிப்பி பதித்த கழுத்துக்கும், கண்ணாடிபோல் மினுங்கும் பூச்சுக்கும் கொடுக்காதீர்கள். மினுக்கம் இல்லாத 'சற்றின்' பூச்சு நகத்தால் சுரண்டும்போது ட்ரம் பிரஷ் போல ஒலிக்கும். டொமி இமானுவேல் தன் மேற்றன் கிற்றார்களின் முகத்தை அதற்காகவே சொரசொரப்பாக வைத்திருப்பவர்.

கடைக்குப் போகும்போது இடக்கையால் தந்திகளை மூடிக்கொள்ளுங்கள். முதலில் மணிக்கட்டால் துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, பிறகு பிரிட்ஜுக்குக் கீழே, பிறகு இரண்டு தோள்களிலும், கடைசியாகப் பக்கத்தில். ஐந்து இடமும் ஐந்து விதமாகப் பேசினால் அது உங்கள் கிற்றார். எல்லா இடமும் ஒரே 'டொக்' என்றால், வருடும்போது எவ்வளவு இனித்தாலும் திருப்பித் தொங்கவிடுங்கள். அதன் பிறகு ஜி கோட் பிடித்துப் பார்க்கலாம்.

பழைய கிற்றார் வாங்க நான் அஞ்சுவதில்லை. இந்த ஊரிலேயே இரண்டு வருடம் இருந்து முகம் வெடிக்காத, கழுத்து வளையாத கிற்றார், கொழும்பின் குளிரூட்டிய கடையில் இருந்து நேற்று வந்த புதியதைவிட நம்பத்தக்கது. அதைப் பார்க்கச் சரியான மாதம் செப்டெம்பர். கச்சான் தன் வேலையை முடித்திருக்கும். வெடிப்பு இருந்தால் அப்போது திறந்து நிற்கும். ஃப்ரெட்டின் முனை நீட்டினால் கையில் தட்டுப்படும். சட்டம் கழன்றிருந்தால் முதல் 'தொம்'மிலேயே கேட்கும். டிசெம்பரில் அதே கிற்றாரைப் பார்த்தால் மரம் வீங்கி வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும், விற்பவருக்கே தெரிந்திராது.